அரசாங்கமா, முதலாளியா: உங்கள் வாயை அடைத்தது யார்?

பாயான் லெப்பாஸ், பினாங்கு, மலேசியா:

போன ஞாயிறு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய தேநீரோடு தொடங்கிய சண்டை இது. "உன்னை யார் கட்டிப்போட்டிருக்கிறார்கள்? பிடிக்கவில்லை என்றால் வேலையை விடு" என்றார் என் மைத்துனர். நான் பதினெட்டு வருடமாக மின்னணு ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவள். 1972-இல் இந்தத் தொழிற்பேட்டைக்கு வைத்த மலாய்ப் பெயரிலேயே 'பெபாஸ்' இருக்கிறது. கட்டற்றது என்று பொருள். கட்டு அவிழ்ந்தது சரக்குக்குத்தான், சுங்கத் தீர்வையிலிருந்து. எங்களுக்கு நாடு தழுவிய தொழிற்சங்கம் கூடாது என்றார்கள். 1988-இல் ஒருவழியாக இறங்கிவந்து, அந்தந்த ஆலைக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பூட்டு முதலாளியுடையது, செய்து கொடுத்தது அரசாங்கம்.

"சங்கம் வந்தால் அவன் வியட்நாமுக்குப் போய்விடுவான்" என்றார் மைத்துனர். ஆக, பிடிக்காவிட்டால் எழுந்து போகிற சுதந்திரம் ஆலைக்கு இருக்கிறது. எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்:

அக்கா, 2007 நவம்பர் 25, அதுவும் ஒரு ஞாயிறு. மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி. ஜாலான் அம்பாங் சாலையில் கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. ஓடிப்போய் ஒரு கடைவாசலில் ஒதுங்கினேன். சீனக் கடைக்காரர் ஒருவர் வாளியோடு தண்ணீரை நீட்டினார். அந்த வாளியின் நிறம்கூட இன்னும் நினைவில் இருக்கிறது, பச்சை. போலீஸ் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பெயரைக் கேட்டது திங்கட்கிழமை. சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனேன். மேலாளர், நம்மவர்தான், "நேற்று எங்கே போயிருந்தாய்?" என்றார். பத்துமலைக்கு என்று புளுகினேன். "அங்கேயும்தானே புகை அடித்தார்கள்" என்றார், சிரிக்காமல். மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எழுத்தில் இல்லை.

டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை, விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்க விட்ட இசா சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டோடு என்னுடையதை ஒப்பிட மாட்டேன். ஆனால் அவர்களுக்காக நான் மெழுகுவத்தி ஏற்றினேன். வேலை போனதை என் அம்மாவிடம்கூட மூன்று மாதம் சொல்லவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்:

அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் என் தாத்தாவை நினைத்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் வேலையை விட்டால், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும், குடும்பமே தெருவில். அந்தக் கயிறு எனக்கு இல்லை.

நான் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மேலாளர் கிடையாது, மழை பெய்தால் படுத்துத் தூங்கலாம். மறுவாரம் நல்ல நேரங்களைச் செயலி வேறு யாருக்காவது கொடுத்துவிடும், அவ்வளவுதான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அக்காவுக்காவது மைத்துனர் இருக்கிறார்.

அரசாங்கமே வேண்டாம் என்று பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களைப் போல நிரந்தர வேலை இல்லாமல் அவ்வப்போது கிடைக்கும் வேலையைச் செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்று 2025-இல் ஒரு சட்டம் கொண்டுவந்ததும் நாடாளுமன்றம்தான். செயலி தானாகக் கொடுத்திருக்குமா?

பாயான் லெப்பாஸ்:

தம்பி, நீங்கள் எழுதியதை மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் வேண்டுமானால் செயலியை மூடிவிட்டு வீட்டில் இருக்கலாமே" என்கிறார். அவர் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருப்பவர். போன தீபாவளியன்றும் மதியம் வரை கடையில்தான் இருந்தார்.