புதுப்பிப்பு: டாக்டர்கிட்ட அப்பா "நல்லாருக்கேன்"னே சொல்லுதாவன்னு கேட்டிருந்தேன்ல

அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குற நாள்பட்ட நுரையீரல் நோய்), வீட்ல மூச்சு வாங்கி கெடப்பாவ, டாக்டர் முன்னால வாயே தொறக்க மாட்டாவன்னு போன மாசம் எழுதியிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கை கொடுத்தது, தெனமும் நோட்டுல குறிச்சு வச்சு டாக்டர்கிட்ட காட்டுற யோசனைதான். தெனமும் மூணே விஷயம்: சளி நெறம், ராத்திரி எத்தன தலகாணி வச்சு படுக்காவ, முக்குடல்ல எங்க வீட்லருந்து டீக்கடை போறதுக்குள்ள எத்தன தடவ மூச்சு வாங்கி நிக்காவ. மொதல்ல ஒரு தடவ, அஞ்சாம் நாள் நாலு தடவ, வெள்ளச் சளி பச்சையாயிட்டு. மறுநாளே பாளையங்கோட்டைக்கு கூட்டிட்டு போய் நோட்ட நீட்டினேன், டாக்டரம்மா வரி வரியா படிச்சு நெஞ்சையும் பாத்துட்டு, நோய் கூடிருக்குன்னு 5 நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதினாவ. இப்ப பழையபடி ஒரு தடவதான் நிக்காவ.

எதிர்பாக்காதது என்னன்னா, இன்ஹேலர அடிச்சு காட்டச் சொன்னாவ. அப்பா அமுக்கி முடிச்சிட்டு அப்புறமா இழுக்காவ, மருந்து தொண்டையிலயே தங்கிருக்கு, இத்தன நாளா! ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டி மெதுவா இழுக்குற குழாய்) வாங்கியாச்சு.

கேட் ஸ்கோர் (சிஓபிடி எவ்வளவு பாடுபடுத்துதுன்னு பாக்குற 8 கேள்வி, 40 மார்க்கு) போடச் சொன்னவங்களுக்கு: அப்பாவுக்கு அந்த நம்பர் பிடிபடல, டீக்கடை கணக்குதான் பிடிச்சுது. உதடு நீலமானாலோ ஆள் கொழம்பிப் பேசினாலோ நோட்டெல்லாம் பாக்காம உடனே 108 கூப்பிடணும்னும் சொல்லி விட்டாவ.