மணிவிழாவில் கண்டது பழக்கமா, காதலா?

கடைமடைக்காரன் கேட்டது:

சென்ற மாதம் என் பெற்றோருக்குத் திருக்கடையூரில் மணிவிழா நடத்தினோம். அமிர்தகடேசுவரர் கோயிலில் அன்று எங்களைப் போலவே பல குடும்பங்கள் வந்திருந்ததால், இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடமே எங்கள் மண்டபமாயிற்று. கலச நீர் ஊற்றி முடிந்து, புடவை மாற்றி வந்த அம்மாவின் கழுத்தில் அப்பா மறுபடியும் தாலி கட்டியபோது அவருடைய விரல்கள் நடுங்கின. அக்கா உதவிக்கு வருவதற்குள், அம்மா தன் கூந்தலைத் தானே ஒதுக்கிக் கொடுத்து, "மெதுவாகக் கட்டுங்கள், அவசரமில்லை" என்றார். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கூட நான் கேட்டிராத அந்த இருவரைக் காதலர்களாக நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

நானும் என் மனைவியும் கல்லூரியில் பழகி, காதலித்து மணந்தவர்கள். இப்போது எங்கள் பேச்செல்லாம் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையுமாகவே இருக்கிறது. அன்பு குறைந்துவிடவில்லை, ஆனால் அன்றைய படபடப்பு இல்லை. இளமைக் காதல் வயதோடு ஆழமாவது உண்மைதானா, அல்லது பழகிப்போனதைத்தான் நாம் காதல் என்று சொல்லிக்கொள்கிறோமா? அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கிணற்றடி முல்லை:

தம்பி, எனக்கு 71 வயது, அவருக்கு 78. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் எங்களுடையது. சென்ற ஆண்டு அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. முதல் வாரம் நாளைக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து முறை என்று குறைத்துக்கொண்டே ஆறு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்கள். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அவர் கண்களை மூடி நாற்காலியில் சாய்ந்திருப்பார்; நான் அருகில் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பேன்.

அப்படி ஒரு நாள், எங்களுக்குத் திருமணமான மூன்றாம் ஆண்டில் இறந்த தம் தாயாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வீட்டினுள் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, தாம் கிணற்றடியில் நின்று, யாருக்கும் தேவைப்படாத தண்ணீரைக் குடம் குடமாக இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டுக்கூட நான் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று அப்போது நினைத்தேன். இத்தனை ஆண்டுகளாக அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவர் கண்களைத் திறப்பதற்கு முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் சொல்லும் படபடப்பு எனக்கு அப்போது வந்தது, தம்பி. இருபத்தொரு வயதில்கூட அவ்வளவு வந்ததில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையார் கூறியதைப் படித்தபோது குறளின் 1110ஆம் பாடல்தான் நினைவுக்கு வந்தது. கற்கக் கற்க நம் முந்தைய அறியாமை வெளிப்படுவதைப் போல, அவளைச் சேருந்தோறும் காமம் புதிதாகத் தோன்றுகிறது என்கிறான் அதில் பேசும் தலைவன். அவன் இளைஞன்தான், ஆயினும் அவன் சொல்வது, ஒருவரை முற்றிலும் அறிந்துவிட்டோம் என்று எண்ணாத எந்த வயதினருக்கும் பொருந்தும்.

தொல்காப்பியரும் காதலை முதற்சந்திப்போடு விட்டுவிடவில்லை. காமம் நிறைந்த கடைக்காலத்தில் மக்களும் சுற்றமும் சூழ இருந்து 'கிழவனும் கிழத்தியும்' சிறந்ததைப் பயிலுதலே கடந்த வாழ்வின் பயன் என்று கற்பியலில் கூறுகிறார். இன்று முதுமையைக் குறிக்கும் இச்சொற்கள் அங்கே உரிமையுடையவர்களைக் குறிக்கின்றன. களவியலில் முதன்முதலாகக் கண்டு காதல் கொள்ளும் இளையோருக்கும் அவர் தரும் பெயர் இதுவே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வயது ஏறியதற்காக அவர் அவர்களுக்கு வேறு பெயர் தேடவில்லை.

தென்னங்கீற்று:

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஆண்டுகள் கூடினாலே காதல் ஆழமாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. என் பெற்றோர் 41 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அம்மா இறந்த பிறகு, படையலுக்கு அவருக்குப் பிடித்ததைச் செய்ய வேண்டும் என்று அத்தை கேட்டபோது, அப்பா விடை தெரியாமல் எங்கள் முகங்களைப் பார்த்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டவருக்கு எது பிடிக்கும் என்று அவர் எப்படி அறிவார்? அம்மாவின் பொறுமையை ஊரார் இன்றும் அன்னியோன்னியம் என்று புகழ்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கடைமடைக்காரன்:

அனைவருக்கும் நன்றி. தென்னங்கீற்று அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

என் மனைவிக்கு வேதாரண்யம் பக்கம். ஐப்பசி பிறந்ததும் வீட்டுப் பத்திரங்களையும் மாற்றுத்துணிகளையும் ஒரு பையில் கட்டிப் பரணில் வைத்துவிடுவாள். தேவையற்ற அச்சம் என்று நான் கடிந்துகொண்டதுண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் காதலித்துக்கொண்டிருந்தோம். சில நாட்கள் தொலைபேசி இணைப்பே கிடைக்கவில்லை. பிறகு "எல்லோரும் நலம்" என்று அவளிடமிருந்து செய்தி வந்தது. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

நேற்று இரவு கேட்டேன். ஓடுகள் பறந்த பிறகு அவளும் தங்கையும் கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும், அவள் தந்தை விடியும்வரை கதவைத் தம் முதுகால் தாங்கி நின்றதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் பரணிலிருந்து பையை இறக்கச் சொன்னாள். குழந்தையின் துணிகளுக்குக் கீழே என் சட்டையும் வேட்டியும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.