50 லிட்டர் அண்டாவும் ஹோட்டல் கிச்சனில் பெண்களும்

வாணலி_23:
"மகளுக்கு என்ன படிப்பு" இழையில் சரக்கு மாஸ்டர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கே சண்டை போட்டால் கேள்வி கேட்ட அப்பாவுக்குத் தொந்தரவு, அதனால் தனி இழை. அவர் எழுதியது இதுதான்: "பொம்பளைப் பிள்ளையால் 50 லிட்டர் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க முடியாது. கேட்டரிங் படித்தாலும் பேக்கரி, ரிசப்ஷன் என்று போவதுதான் அதுகளுக்கு நல்லது."

எனக்கு 23 வயது. தரமணியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் மூன்று வருடம் படித்தேன். இப்போது சென்னையில் ஒரு ஹோட்டலில், இந்தியன் கிச்சனில் கமி, அதாவது முதல் படியில் இருக்கிற சமையல்காரி. டிரெயினிங் போன இடத்தில் என்னோடு வந்த பையன்களைத் தந்தூர், கறி செக்‌ஷன் என்று பிரித்து அனுப்பினார்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பேர். எங்களைக் கேக்குக்குக் கிரீம் தடவ விட்டார்கள். அண்டாவைத் தூக்கிக் காட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே முடிவு பண்ணிவிட்டார்கள்.

அண்டாவை எப்படி இறக்குகிறோம் என்று சொல்கிறேன். பெரிய அடுப்பு முழங்கால் உயரம்தான் இருக்கும். தீயை அணைத்துக் கொதி அடங்கும் வரை விட வேண்டும். உலர்ந்த துணியை நாலாக மடித்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். ஈரத்துணி என்றால் ஆவி கையைப் பொசுக்கிவிடும். ஒரு பக்கம் நான், மறுபக்கம் இன்னொருவர், நடுவில் அடுப்பு உயரத்துக்கு டிராலி. வாரத்தில் ஆறு நாள் இதைச் செய்கிறேன். முடியாது என்று சொல்ல மாஸ்டர் யார்?

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
பாப்பா, கோபப்படாமல் கேள். நான் 17 வயதில் பாத்திரம் தேய்க்க வந்தவன். 31 வருடம் ஆகிறது. சாம்பார் 50 லிட்டர், அண்டாவோடு சேர்த்தால் 60 கிலோ. கல்யாண வீட்டில் பந்தி போட்டாச்சு என்று குரல் வந்தால் டிராலி தேடிக்கொண்டு நிற்க முடியாது. நீயே எழுதியிருக்கிறாய், மறுபக்கம் இன்னொருவர் என்று. தனியாக இறக்குவாயா? அதற்குப் பதில் சொல்.

வாணலி_23:
முதலில் பாப்பா வேண்டாம் மாஸ்டர். பேர் சொல்லுங்கள், இல்லை வாணலி என்றே கூப்பிடுங்கள்.

தனியாக ஏன் இறக்க வேண்டும்? கொதிக்கிற சாம்பாரைத் தனி ஆளாகத் தூக்கச் சொல்கிற கிச்சனில் ஆம்பளையும் வேலை பார்க்கக் கூடாது.

லாச்சப்பல்_அண்ணை:
தங்கச்சி சொல்வது சரி. நான் பாரிஸில் 19 வருஷமாகக் குசினியில் நிற்கிறேன். எங்கட ஆட்கள் முக்கால்வாசிப் பேரைப் போல நானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். இப்ப நான் வேலை செய்கிற இடத்தில் செஃப் ஒரு பெண். அவ ஒரு அண்டாவையும் தனியத் தூக்கி நான் பார்த்ததில்லை. அவவுக்கு முதல் இருந்த ஆம்பளை செஃப்பும் தூக்கினதில்லை.

உங்களுக்கு யூஜெனி பிராசியே என்ற பெயர் தெரியுமா? லியோன் நகரத்திலும் அதற்குப் பக்கத்திலும் இரண்டு சாப்பாட்டுக்கடை நடத்தின மனுசி. நல்ல சாப்பாட்டுக்கடைக்கு மிஷெலின் என்ற பிரெஞ்சு கைடு நட்சத்திரம் கொடுக்கும். 1933 இல் இரண்டு கடைக்கும் மும்மூன்று மிஷெலின் நட்சத்திரம், மொத்தம் ஆறு. போல் போக்கூஸ் என்று பிரெஞ்சுக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடின செஃப், இளவயதில் அவவிடம்தான் வேலை பழகினவர்.

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
பிரான்ஸ் கதையெல்லாம் நமக்கு எதற்கு? அங்கே தட்டில் மூன்று பீன்ஸ் வைத்து மேலே இலை ஒட்டுவார்கள். நான் சொல்வது 800 பேர் பந்தி. அந்த அம்மா 50 லிட்டர் அண்டாவைத் தனியாக இறக்கினாரா? அதை மட்டும் சொல்லுங்கள் அண்ணாச்சி.

நாலணா:
மாஸ்டர், 800 பேர் கணக்கென்றால் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2013 இல் அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம். அடுப்பில் நிற்பது முழுக்க மகளிர் குழுப் பெண்கள். 1982 இல் சத்துணவு விரிவானதிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஆக்கிப் போடுவது பெரும்பாலும் ஆயாக்கள்தான். 2022 இல் வந்த காலை உணவுத் திட்டமும் குழுப் பெண்கள் கையில். இத்தனை அண்டாவை யார் இறக்குகிறார்கள்? விருதுநகரிலிருந்து நீங்கள் போய் இறக்கிக் கொடுக்கிறீர்களா?

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
வந்துவிட்டார் நாலணா. சால்னாவில் தேங்காய் சேர்க்கக் கூடாது என்று போன மாதம் எனக்கே பாடம் எடுத்தவர்தானே! அடுப்படியில் ஒரு நாள் நின்றிருப்பாரா என்பதே சந்தேகம். அம்மா உணவகத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல சாப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்குகிறார்கள். நான் கேட்டது தனியாக.

நாலணா:
தேங்காய் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சேர்க்கிற அளவுக்குச் சேர்த்தால் அது சால்னா இல்லை, குருமா என்றேன். அந்த இழை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள்.

கல்லாப்பெட்டி:
நான் ஹோட்டல் வைத்திருக்கிறவன். மாஸ்டர் பக்கம்தான் நிற்பேன். என் கிச்சனில் 14 பேர், எல்லாரும் ஆண்கள். பெண்களை எடுக்கக் கூடாது என்றில்லை. பையன்களுக்கு மாடியில் ஒரே ஹால், பாய் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஒரு பெண்ணை எடுத்தால் தனி ரூம், தனி பாத்ரூம், ராத்திரி 11:30க்குக் கடை சாத்தியதும் வீட்டில் கொண்டுபோய் விட ஆள். அந்தச் செலவுக்கு இன்னொரு தோசை மாஸ்டரை வைத்துவிடலாம்.

வாணலி_23:
அண்ணே, இதைத்தான் நான் கேட்க நினைத்தேன். உங்களிடம் பெண்கள் இல்லாததற்குக் காரணம் ரூம். அண்டா இல்லை. அப்படியென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் உடம்பில் ஏன் குறை வைக்கிறீர்கள்?

நான் இருக்கிற இடத்தில் பிரேக் ஷிஃப்ட். காலை 10 முதல் 3 வரை, மறுபடி 6 முதல் 11 வரை. நடுவில் அந்த மூன்று மணி நேரம் பையன்கள் லாக்கர் ரூமில் அட்டை விரித்துத் தூங்குவார்கள். பெண்கள் லாக்கர் ரூமில் ஒரே ஒரு நாற்காலி, அதற்கு ஒரு கால் ஆட்டம். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று 2021 இல் சட்டமே வந்தது. நான் அரிசி மூட்டை மேல் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன்.

ஒரு_அப்பா:
அந்த இழையில் கேட்ட அப்பா நான்தான். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஹோட்டல் மேனேஜ்மென்ட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ராத்திரி 11 மணிக்கு வேலை முடிந்தால் நீங்கள் எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள் அம்மா? அதை யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அப்புறம், ஹோட்டல் கிச்சன் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறீர்கள். கல்யாண சமையலா, நட்சத்திர ஹோட்டலா, மெஸ்ஸா, எதைப் பற்றிப் பேசுகிறோம்?

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
எல்லாக் கிச்சனிலும் அண்டா உண்டு சார்.

ஈரோட்டு_மெஸ்:
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 22 வருடமாக மெஸ் நடத்துகிறேன். தினம் 25 கிலோ அரிசி வடிக்கிறேன். வடிதட்டைப் போட்டு, துணி சுற்றி, அடுப்பு ஓரத்திலேயே பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பேன். வீட்டுக்காரர் போய் 9 வருடம் ஆகிறது. மாஸ்டர் கேட்கிற "தனியாக"வுக்கு நானே பதில். வந்து பார்க்கட்டும்.

ஆனால் வாணலி, உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீ கமி, செஃப் என்கிறாய். என்னை இதுவரை யாரும் செஃப் என்று கூப்பிட்டதில்லை. மெஸ்காரம்மா, சமையல்காரம்மா, அவ்வளவுதான். கோட்டு போட்டுக்கொண்டு செய்தால்தான் தொழிலா?

வாணலி_23:
அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கள் கிச்சனில் பட்டப்பெயர் அப்படித்தான் போகும். கமி, அப்புறம் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்கிற சிடிபி, அப்புறம் செஃப்புக்கு அடுத்த இடத்தில் சூ செஃப். நான் வைத்த பேர் இல்லை.

ஈரோட்டு_மெஸ்:
சொல்லவில்லைதான். எழுதின தோரணையில் தெரிகிறது.

லாச்சப்பல்_அண்ணை:
அக்கா, தங்கச்சியில் ஏன் பாய்கிறீர்கள்? கரிமா அரோரா என்ற பெண் 2018 இல் பாங்காக்கில் மிஷெலின் நட்சத்திரம் எடுத்தவ. இந்தியப் பெண்களில் அவதான் முதல். பிறகு இரண்டாவதும் கிடைத்தது. சமையலுக்கு வர முதல் பத்திரிகையில் வேலை செய்தவ. கோட்டுப் போட்டவவும் எங்கட பிள்ளைதானே.

கல்லாப்பெட்டி:
இந்தியாவில் மிஷெலின் கைடே கிடையாது. நட்சத்திரத்துக்காகப் பாங்காக் போன பெண்ணைக் காட்டி என் ஹோட்டலுக்கு ஆள் எடுக்கச் சொல்கிறீர்கள். சாம்பாருக்கு யார் நட்சத்திரம் கொடுக்கிறார்கள்?

நாலணா:
கொடுக்கிறார்கள். நத்தம் பக்கத்திலிருந்து போன விஜய் குமார் நியூயார்க்கில் நம் ஊர் நத்தைப் பிரட்டல் செய்கிறார். அந்தக் கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் இருக்கிறது. 2025 இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கினார். அவர் மேசையில் வைப்பது ஊரில் அம்மாவும் அப்பத்தாவும் ஆக்கின சாப்பாடு. அம்மா கைப்பக்குவத்துக்கு உலகமே கை தட்டுகிறது. அந்த அம்மா மாதிரி ஒருத்தி உங்கள் கிச்சனுக்கு வேலை கேட்டு வந்தால் ரூம் இல்லை என்கிறீர்கள்.

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
விஜய் குமார் ஆம்பளை. அவர் அண்டா தூக்குவார். என் பேச்சை நீங்களே நிரூபிக்கிறீர்கள்.

எல்லாரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். ஒரு விஷயம் எழுதுகிறேன். எனக்கு 19 வயதில் முதலாளி ஒரு பந்தயம் வைத்தார். ரசம் அண்டா, நிறைய. "தூக்கினால் நாளையிலிருந்து நீ அசிஸ்டென்ட், இல்லையென்றால் பாத்திரம்" என்றார். தூக்கினேன். இடுப்பில் சட்டென்று ஒரு சத்தம். சத்தம் போடாமல் நடந்துபோய்ப் பந்தி ஓரத்தில் இறக்கி வைத்தேன். அன்றையிலிருந்து எனக்கு டிஸ்க் தொந்தரவு. பெல்ட் இல்லாமல் குனிய மாட்டேன். இந்தத் தொழில் உடம்பைத் தின்னும். பெண் பிள்ளைக்கு நாளைக்கு பிரசவம், பிள்ளை என்று இருக்கிறது. வர வேண்டாம் என்று அக்கறையில்தான் சொன்னேன்.

வாணலி_23:
மாஸ்டர், இதைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. அந்த முதலாளி செய்தது கொடுமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பெல்ட் இல்லாமல் குனியாத நீங்கள் இப்போது அண்டாவை எப்படி இறக்குகிறீர்கள்?

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
இப்போது பையன்கள் இறக்குவார்கள். நான் பக்குவம் பார்ப்பேன்.

வாணலி_23:
எத்தனை பையன்கள்?

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
இரண்டு பேர். அதற்கென்ன? 31 வருட அனுபவஸ்தனும் நேற்று வந்தவளும் ஒன்றா?

வாணலி_23:
நீங்கள் தூக்காவிட்டாலும் மாஸ்டர்தான், நான் ஆளோடு சேர்ந்து தூக்கினால் மட்டும் பேக்கரிக்குப் போ என்கிறீர்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? உங்கள் இடுப்பை உடைத்த அதே பந்தயத்தைத்தானே என்னிடமும் வைக்கிறீர்கள்? அக்கறை என்றால் அந்தப் பந்தயத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே. உங்கள் பையன்கள் இரண்டு பேருக்கும் இடுப்பு இருக்கிறது.

நாலணா:
இதற்கு மேல் என்ன வேண்டும்! மாஸ்டர், ஒப்புக்கொள்ளுங்கள்.

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
நாலணா வாயை மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும். எதை ஒப்புக்கொள்ள? தனியாக இறக்குவேன் என்று அந்தப் பெண் இன்னும் சொல்லவில்லை.

ஈரோட்டு_மெஸ்:
நான் சொன்னேனே! என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லையா?

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
உங்களுடையது பானை அம்மா. சாய்ப்பது வேறு, தூக்குவது வேறு.

லாச்சப்பல்_அண்ணை:
பானை, அண்டா, சட்டி என்று பிரிப்பது பெரிய ஆராய்ச்சியாகப் போகிறது. குசினியில் நிற்கிற ஆட்களுக்கு விளங்கும்.

கல்லாப்பெட்டி:
குசினி, குசினி என்று எழுதுகிறீர்கள். அது போர்த்துக்கீசியச் சொல். சமையலறை என்று நல்ல தமிழ் இருக்கும்போது எதற்கு?

லாச்சப்பல்_அண்ணை:
அண்ணை, எங்கட அம்மம்மா காலத்திலிருந்து குசினிதான். "ஹோட்டல்", "மாஸ்டர்", "ரூம்" எல்லாம் எந்தச் சங்கப் பாட்டில் வருகிறது?

ஒரு_அப்பா:
ராத்திரிப் போக்குவரத்து பற்றிக் கேட்டிருந்தேன்.

வாணலி_23:
மன்னியுங்கள் சார், சண்டையில் விட்டுவிட்டேன். எங்கள் ஹோட்டலில் 10 மணிக்கு மேல் வேன் உண்டு, ஆனால் மூன்று இடத்தில் சுற்றி என்னை விடும்போது 12:40 ஆகிவிடும். உங்கள் மகள் வேலைக்குச் சேரும்போது மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். வேன் வீட்டு வாசல் வரை வருமா. பெண்களுக்கு உடை மாற்ற, படுக்கத் தனி இடம் இருக்கிறதா. பாலியல் தொல்லை பற்றிச் சொல்லப் புகார்க் குழு இருக்கிறதா. பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றாலே 2013 சட்டப்படி அந்தக் குழு இருந்தாக வேண்டும். பேர்கள் சுவரில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கட்டும்.

பேக்கரியில் போட்டால் கற்றுக்கொள்ளட்டும், அது சின்ன வேலை இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அடுப்பில் நின்று சமைக்கிற ஹாட் கிச்சன் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் தந்தூரில் கையை விட்டதும் மணிக்கட்டு வரை முடி பொசுங்கிப் போனது. ரொட்டி கீழே விழுந்து கரியாகிவிட்டது. ஏழாவது ரொட்டி ஒட்டியது. அன்றைக்கு நான் எப்படி வீட்டுக்குப் போனேன் என்றே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மணி ஷிஃப்ட், கிளம்புகிறேன். இன்றைக்கு 120 பேருக்கு பேன்க்வெட் விருந்து.

கல்லாப்பெட்டி:
வேனுக்கு டீசல் யார் போடுவது என்று அந்தப் பெண் சொல்லாமலே போகிறது.

ஈரோட்டு_மெஸ்:
மாடி ஹாலை இரண்டாகத் தடுக்க எத்தனை ஆயிரம் ஆகும் தம்பி? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.

கல்லாப்பெட்டி:
பாத்ரூம் கட்டாமல் சுவர் மட்டும் எழுப்பி என்ன பிரயோஜனம்?

நாலணா:
அப்படியானால் பிரச்சினை பாத்ரூம். எழுத்தில் வந்துவிட்டது, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு_மாஸ்டர்_விருதுநகர்:
பாத்ரூமைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, என்னை இதில் சேர்க்காதீர்கள். நாளைக்கு அருப்புக்கோட்டையில் முகூர்த்தம், ராத்திரி 2 மணிக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். முடித்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன். சால்னா இழைக்கும் பதில் பாக்கி இருக்கிறது. அந்தப் பெண் ஷிஃப்ட் முடிந்து வந்தால் நான் கேட்டதற்குப் பதில் எழுதட்டும். தனியாகவா, இல்லையா?