மறுமொழி: குரோமோசோம் துண்டுகள் மாறிக்கொள்வதற்கு ஒரு சொல் (இரைப்பை நிணநீர்ப்புற்றை முன்வைத்து)

அன்புள்ள குழுவினருக்கு,

இரைப்பை நிணநீர்ப்புற்று (நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்று) பற்றிய நம் கட்டுரைக்கும் நோயாளிக்கான குறிப்புக்கும், ஆங்கிலத்தில் translocation எனப்படும் குரோமோசோம் மாற்றத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். மூன்று நண்பர்களின் கருத்துகளுக்குத் தனித்தனியே மறுமொழி எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'இடப்பெயர்ச்சி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இடப்பெயர்ச்சி இயற்பியலில் வேரூன்றிய சொல். ஒரு பொருள் முழுதாக ஓரிடம் விட்டு வேறிடம் போவதை அது குறிக்கிறது. 'இடமாற்றம்' என்பதும் அப்படித்தான். அலுவலக ஆணையின் நினைவு வேறு கூடவே வரும். இங்கே நடப்பது வேறு. இரண்டு குரோமோசோம்கள் முறிகின்றன. இதன் முறிந்த துண்டு அதிலும், அதன் துண்டு இதிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. முறிவும் கொடுக்கல் வாங்கலும் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

'பரிமாற்றம்' இதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது ஒத்த இணைக் குரோமோசோம்கள் தமக்குள் பகுதிகளைப் பரிமாறிக்கொள்கின்றனவே, அது உடலின் இயல்பான, ஒழுங்கான செயல். நாம் பேசுவதோ தொடர்பில்லாத இரண்டு குரோமோசோம்களுக்கிடையே நேரும் பிசகு. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் படிப்பவர் தடுமாறுவார்.

என் முன்மொழிவு: துண்டமாற்று.

பண்டமாற்று எல்லோருக்கும் தெரிந்த சொல். ஒருவர் கொடுக்கிறார், மற்றவரும் கொடுக்கிறார். அதே அச்சில் துண்டமாற்று என்றால், துண்டு கைமாறியது என்பதும் இரு பக்கமும் மாறியது என்பதும் விளக்காமலே புரியும். 'துண்டமாற்றுக்கு உள்ளான குரோமோசோம்', 'துண்டமாற்று முறிவிடம்' என்று மேற்கொண்டு சொற்களை ஆக்கவும் இடம் தருகிறது.

> மரபணு மாற்றம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாமே. நோயாளிக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா?

இதை நான் வலுவாக மறுக்கிறேன். 'மரபணு மாற்றம்' என்றதும் பலருக்குப் பயிர்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், 'மரபு' என்ற பகுதி. "பிள்ளைகளுக்கும் வருமா?" என்பதே குடும்பத்தாரின் முதல் கேள்வியாக இருக்கும். இரைப்பை நிணநீர்ப்புற்றில் காணும் இந்த மாற்றங்கள் பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல, பிள்ளைகளுக்குப் போவனவும் அல்ல. ஒருவரின் வாழ்நாளில், ஒரு பி செல்லில் (நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) நேர்ந்து, அதன் வழித்தோன்றல் செல்களில் மட்டும் தொடர்பவை. ஆகவே நோயாளிக்கான குறிப்பில் முதல் முறை வரும் இடத்திலாவது 'உடற்செல் மாற்றம்' என்று எழுதியே தீர வேண்டும். இலங்கை நூல்களில் வழங்கும் 'விகாரம்' துல்லியமான சொல்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் அதற்கு அருவருப்பு என்ற சாயலும் உண்டு. நோயுற்றவர் கையில் கொடுக்கும் தாளில் அதைத் தவிர்க்கலாம் என்பது என் எண்ணம்.

நுணுக்கம் தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த நோயில் மருத்துவத்தின் போக்கே அந்த நுணுக்கத்தைப் பொறுத்திருக்கிறது.

இயல்பான இரைப்பையில் திரண்ட நிணநீர்த் திசு கிடையாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா சளிச்சவ்வில் நெடுங்காலம் குடியிருக்கும்போது, அதை எதிர்க்க நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து திரள்கின்றன. அந்தத் திரளிலிருந்து மெல்ல வளரும் புற்று ஒன்று தோன்றலாம். சளிச்சவ்வு சார்ந்த இந்த நிணநீர்ப்புற்றைத் தனி வகையாக 1983இல் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் விவரித்தார்கள். 1993இல் ஆண்ட்ரூ உதர்ஸ்பூன் குழுவினர் வெளியிட்ட முடிவு இன்றும் வியப்பளிக்கிறது: பாக்டீரியாவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் ஒழித்ததும் புற்றும் பின்வாங்கியது. இரைப்பையோடு நிற்கும் தொடக்க நிலையில் 70 முதல் 80 விழுக்காட்டினருக்கு இந்த மருத்துவமே பலன் தருகிறது.

பலன் தராதவர்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான் 11ஆம், 18ஆம் குரோமோசோம்களுக்கிடையிலான துண்டமாற்று. இரைப்பையில் தோன்றும் இவ்வகைப் புற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் இது இருக்கிறது. 11இல் உள்ள பிஐஆர்சி3 மரபணுவின் முன்பகுதியும் 18இல் உள்ள மால்ட்1 மரபணுவின் பின்பகுதியும் சேர்ந்து ஒரே மரபணுவாகின்றன. 1999இல் கண்டறியப்பட்டது இது. உருவாகும் கலப்புப் புரதம் தன்னைப் போன்ற மூலக்கூறுகளோடு தானே சேர்ந்துகொண்டு, என்எஃப் கப்பா பி என்ற சமிக்ஞைப் பாதையை ஓயாமல் இயக்குகிறது. பி செல் பிழைப்பதற்கும் பெருகுவதற்குமான பாதை அது. பாக்டீரியாவின் தூண்டல் இனித் தேவையில்லை. அதனால்தான் பாக்டீரியா ஒழிந்தபின்னும் புற்று வளர்வது நிற்பதில்லை. இத்தகையோருக்கும் முதலில் பாக்டீரியாவை ஒழிக்கவே செய்வார்கள். ஆனால் கதிர்மருத்துவமோ பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தோ பின்னர் தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே எண்ணி வைப்பார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: இந்தத் துண்டமாற்று உள்ள புற்று, வேகமாக வளரும் பெருஞ்செல் வகையாக மாறுவது அரிது. நோயாளிக்கான குறிப்பில் இந்த வரியைத் தயவுசெய்து யாரும் விட்டுவிட வேண்டாம்.

இப்போது 1ஆம், 14ஆம் குரோமோசோம்களுக்கிடையிலானதைப் பாருங்கள். இரைப்பையில் இது அரிது. இங்கே கலப்புப் புரதம் எதுவும் உருவாவதில்லை. பிசிஎல்10 மரபணு முழுதாகவே இருக்கிறது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் கோளாறு: நோயெதிர்ப்புப் புரதத்தின் கனச் சங்கிலியை ஆக்கும் மரபணுவின் அருகே. பி செல்லில் அந்த இடத்தின் ஊக்கிப் பகுதி (அருகிலுள்ள மரபணுவை முடுக்கும் பகுதி) எப்போதும் மும்முரமாக வேலை செய்யும். அதன் பிடியில் சிக்கிய பிசிஎல்10 அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. கடைசியில் போய்ச் சேர்வது அதே என்எஃப் கப்பா பி பாதைதான், வந்த வழி மட்டும் வேறு.

ஆக, துண்டமாற்று என்பது நிகழ்வின் பெயர். அதன் விளைவுகள் இரண்டு. இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும். முதலாவதற்கு 'இணைவு மரபணு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. இரண்டாவதற்கு 'அயலூக்கம்' என்று சொல்லலாமா? தன் ஊக்கியை விட்டு அயலான் ஊக்கியில் இயங்குவது. 'பிசிஎல்10 அயலூக்கம் பெற்றுள்ளது' என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. வேதியியலில் வினையூக்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே 'வினை' என்ற அடை இருப்பதால் மோதல் வராது.

இந்த வேறுபாடு ஆய்வக அறிக்கையிலும் குறுக்கிடும். மால்ட்1 முறிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒளிர்சோதனையில், மரபணுவின் இருபுறமும் இரண்டு நிறக் குறிகள் ஒட்டப்படும். முறிவு இருந்தால் நிறங்கள் பிரிந்து தெரியும். ஆனால் மால்ட்1 பிஐஆர்சி3யோடு இணைந்ததா, அல்லது 14ஆம் குரோமோசோமுக்குப் போய் அயலூக்கம் பெற்றதா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. இரைப்பையில் பின்னது மிக அரிது என்பதால் முன்னதையே பெரும்பாலும் ஊகிப்பார்கள். மொழிபெயர்ப்பவர் 'மால்ட்1 முறிவு' என்று இருப்பதை 'மால்ட்1 இணைவு' என்று தன் போக்கில் எழுதிவிடக் கூடாது.

> துண்டமாற்று என்றால் இருவழி. ஒரு பக்கம் மட்டும் துண்டு போகும் வகைக்கு என்ன செய்வீர்கள்? மேலும் 'மாற்று' என்றால் 'வேறொன்று' என்று பொருள் கொள்ள மாட்டார்களா?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மாற்று' முன்னால் வரும்போதுதான் வேறொன்று என்ற பொருள் மேலோங்கும்: மாற்று வழி, மாற்று மருந்து. பின்னால் வரும்போது கைமாறுதலே தெரிகிறது. அந்தக் கவலை எனக்கில்லை.

முதல் கேள்வி நியாயமானது. 'ஒருவழித் துண்டமாற்று' என்றால் சொல்லுக்குள்ளேயே முரண் இருக்கிறது. ஒருவழியாகப் போவதற்குத் 'துண்டப்பெயர்வு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இந்தப் புற்றில் பேசப்படுபவை பெரும்பாலும் இருவழி வகையே என்பதால் நம் கட்டுரைக்குச் சிக்கலில்லை.

சிறு விவரங்கள் சில. 3ஆம் அல்லது 18ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதும் இந்த நோயில் காணப்படுகிறது. அதற்கு 'மும்மை' என்றால் போதும், விவாதம் வேண்டாம். குரோமோசோமா நிறமூர்த்தமா என்ற பழைய சண்டையையும் இந்த இழையில் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குரோமோசோமின் இரு கரங்களுக்குக் குறுங்கரம், நெடுங்கரம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குறில் நெடில் படித்த யாருக்கும் விளக்கவே வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள். குரோமோசோமில் ஓரிடத்தைச் சுட்ட, நெடுங்கரத்தில் 21 என்று இருப்பதை 'இருபத்தொன்றாம் பட்டை' என்று ஒருவர் பெயர்த்திருந்தார். அது இரண்டாம் மண்டலத்தின் முதல் பட்டை. 'இரண்டு ஒன்று' என்றே வாசிக்க வேண்டும்.

இச்சொற்களை வைத்து நோயாளிக்கான வரைவு ஒன்று:

"உங்கள் இரைப்பையிலுள்ள புற்றுச்செல்களில் 11ஆம், 18ஆம் குரோமோசோம்களுக்கிடையே துண்டமாற்று நேர்ந்திருக்கிறது. இது பரம்பரையாக வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போகாது. இதனால் ஓர் இணைவு மரபணு உருவாகியுள்ளது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் போதாமல் போக வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த கட்ட மருத்துவம் பற்றி மருத்துவர் உங்களிடம் பேசுவார்."

துண்டமாற்று பற்றி இனி எனக்குத் தயக்கம் இல்லை. அயலூக்கம் பற்றித்தான் இன்னும் உறுதி வரவில்லை. 'ஊக்கம்' நல்லதொரு பொருளில் புழங்கும் சொல். புற்றை வளர்க்கும் செயலுக்கு அதை வைப்பது தகுமா என்று உயிரியல் கற்பிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.