'சீ-ஏ-ரீ' என்று வாசிக்கும் பிள்ளைக்கு: முள்ளியவளைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

முள்ளியவளையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து இரண்டு மாதம், மகனுக்கு நான்கரை வயது, பள்ளிக்கூடம் கொடுத்துவிடும் ஃபொனிக்ஸ் (எழுத்தின் ஒலியைக் கொண்டு வாசிக்கப் பழக்கும் முறை) தாள்கள் ஒன்றுமே விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், தங்கச்சி. என் ஊர் ஒட்டுசுட்டான். ஐந்து வருடங்களுக்கு முன் இதே தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இரவில் விழித்திருந்தவள்.

நான் விட்ட பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் நாம் படித்த மாதிரியே 'ஏ, பீ, சீ' என்று எழுத்துகளின் பெயர்களை மகளுக்குப் பாடமாக்கினேன். இருபத்தாறையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். ஆனால் பூனைப் படத்தின் கீழிருந்த மூன்று எழுத்துகளை (c-a-t) 'சீ-ஏ-ரீ' என்று வாசித்துவிட்டு, அது என்ன சொல் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. இங்கே ஒலியைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள். பல பள்ளிக்கூடங்கள் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறின் ஒலிகளோடு தொடங்கும். அந்த ஆறும் கைவந்தால் 'பின்', 'ரின்', 'நிப்' (pin, tin, nip) எல்லாவற்றையும் பிள்ளை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கும்.

எழுத்துக்கூட்டுவது நமக்குப் புதிதா? 'ம்' உடன் 'ஆ' சேர்ந்தால் 'மா' என்று பழகியவர்கள்தானே. ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. மெய்யெழுத்துகளை 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் வைத்துச் சொல்லி வளர்ந்தோம். அதே பழக்கத்தில் 'இப்' என்றோ, அகரம் சேர்த்துப் 'ப' என்றோ சொல்லிக் கொடுத்தால், பிள்ளை கூட்டும்போது சொல் உருக்குலைந்துவிடும். உதட்டை மூடித் திறந்து காற்றை மட்டும் விடுங்கள். பீயையும் எஃபையும் பிள்ளை குழப்பினால் கண்ணாடி முன் நிறுத்துங்கள்: ஒன்றுக்கு இரண்டு உதடும் ஒட்டும், மற்றதற்கு மேற்பல் கீழுதட்டில் படும். 'ரீ' எழுத்தின் ஒலிக்கு, 'காற்று' என்று நம் ஊரில் சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ, கிட்டத்தட்ட அதே இடம்தான்.

விளையாட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். என் அம்மா புளியங்கொட்டையால் செய்து காட்டியதை விடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை காணவில்லை. தாளில் மூன்று கட்டம் கீற வேண்டும். சொல்லை மெதுவாக இழுத்துச் சொல்ல வேண்டும். ஓர் ஒலிக்கு ஒரு கொட்டை என்று பிள்ளை கட்டத்துக்குள் தள்ள வேண்டும். 'ஷிப்' (ship) என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுத்து நான்கு, ஒலி மூன்று. நான்காவது கொட்டை கையிலேயே மிஞ்சும். இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலியாகும் என்பதை அந்த மிஞ்சிய கொட்டைதான் என் மகளுக்கு விளக்கியது. தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதுவதும் நல்லது. அரிசியில் எழுதவைத்து ஏடு தொடக்கிய வீட்டுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சனிக்கிழமைகளில் அம்மா கைபேசியை முற்றத்துப் பக்கம் திருப்பிப் பிடிப்பார். "அம்மம்மாவின் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது, 'ம்' என்று தொடங்குகிறது" என்பார். மாமரமா, மாடா, முருங்கையா என்று இவள் இங்கிருந்து கத்துவாள். அது தமிழ்தான். ஆனால் சொல்லின் முதல் ஒலியைப் பிரித்தெடுக்கும் காது எந்த மொழியில் பழகினாலும் மற்ற மொழிக்கும் உதவும். ஆகவே ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்த வருடம், முதலாம் ஆண்டின் முடிவில், ஜூன் மாதத்தில் ஒரு சிறு சோதனை வரும். 40 சொற்களை ஆசிரியரிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். அதில் 20 சொற்களுக்குப் பொருளே இல்லை. பக்கத்தில் விசித்திரமான உயிரினம் ஒன்றின் படம் இருக்கும். பிள்ளை பிழையாக வாசிக்கிறது என்று பதறாதீர்கள். பார்த்த சொல்லை நினைவில் வைத்துச் சொல்லாமல், ஒலியைக் கூட்டி வாசிக்கிறதா என்று பார்க்கத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் எந்த ஒலிகள் என்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டு வாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

போன ஓகஸ்டில் ஊருக்குப் போயிருந்தோம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் வரும்போது, ஒட்டுசுட்டான் பெயர்ப்பலகையின் ஆங்கில வரியை மகள் ஒலி ஒலியாகக் கூட்டினாள். 'ஒட்டு' வர வேண்டிய இடத்தில் 'ஒடு' என்று வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே அவளுடைய விரலைப் பிடித்து மேலே தமிழ் வரியைக் காட்டி, "இந்தப் புள்ளியைப் பார், அதில் கொஞ்சம் நின்று வா" என்றார். 'ட்' இல் நின்று, அவள் மறுபடி வாசித்தாள்.