சோறா, சப்பாத்தியா? குடும்பக் குழுவில் ஒரு மாலை

பெரியம்மா: தீபா, ராத்திரிச் சோற்றை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எடை அப்படியே நிற்கிறது. மெஷின் ரிப்பேரா என்று கூடப் பார்த்தாயிற்று.

மாமா: அக்கா, மெஷின் மேல் பழி போடாதே 😄

தீபா அக்கா: சோற்றுக்குப் பதில் என்ன சாப்பிடுகிறீர்கள் பெரியம்மா?

பெரியம்மா: நாலு சப்பாத்தி. குருமா.

தீபா அக்கா: எண்ணெய் விட்டா, விடாமலா?

பெரியம்மா: விடாமல் சுட்டால் உங்கள் பெரியப்பா தொடமாட்டார்.

தீபா அக்கா: சரி, கணக்குப் பாருங்கள். 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி என்றால் 100 கலோரி பக்கம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45. ஆக, நாலுக்கு 580. தேங்காய் அரைத்த குருமா தனி. ஒரு கப் சோறு, அதாவது 150 கிராம், 200 கலோரிதான்.

மாமா: அப்படிச் சொல்! சோறே தேவலை.

தீபா அக்கா: ஒரு கப் மாமா. நீங்கள் குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று வாங்குவீர்கள்.

செல்வி அத்தை: நன்றாகக் கேள் 👏 நான் சொன்னால் காதில் ஏறாது. நாங்கள் சாமைக்கு மாறிவிட்டோம். அது எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமாமே?

தீபா அக்கா: அதுதான் இல்லை அத்தை. அரிசி, சாமை, வரகு, தினை எல்லாமே சமைக்கும் முன் 100 கிராமுக்கு 330 முதல் 360 கலோரி வரைதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூட, அதனால் பசி கொஞ்சம் தாங்கும். வெள்ளை வெளேரென்று தீட்டியதை வாங்கினால் அந்த லாபமும் குறையும். வெந்த பிறகு அளக்காதீர்கள். உலையில் போடும் முன்பே ஆளுக்கு 50 கிராம் என்று எடுத்துவிடுங்கள்.

கார்த்தி: ராகி பிஸ்கட்?

தீபா அக்கா: பாக்கெட்டைத் திருப்பிப் பார். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். மைதா, சர்க்கரை என்று ஆரம்பித்தால் கீழே வை.

மாமா: உருளைக்கிழங்கை நான் தொடுவதே இல்லை.

தீபா அக்கா: பாவம், அது என்ன செய்தது? வேகவைத்தது 100 கிராமுக்கு 85 கலோரி பக்கம், மீதி பெரும்பாலும் தண்ணீர். 1995-இல் ஆஸ்திரேலியாவில் 38 உணவுகளைக் கொடுத்து எது வயிற்றை நிறைக்கிறது என்று பார்த்தார்கள். அவித்த உருளைதான் முதலிடம், வெள்ளை ரொட்டியைப் போல மூன்று மடங்குக்கு மேல். வறுவலுக்கு இது பொருந்தாது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கு வைத்தால் மாவுக்கு மாவு, அன்றைக்குச் சோறு பாதி.

மாமா: பழைய சோற்றில் கலோரியே கிடையாது என்று ஒரு வீடியோ வந்ததே?

தீபா அக்கா: ஆற வைத்த சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறும், உண்மைதான். ஆனால் கொஞ்சம்தான். கலோரி எங்கும் ஓடிப்போகாது.

செல்வி அத்தை: வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஜவ்வரிசி உப்புமா?

தீபா அக்கா: அது மரவள்ளிக்கிழங்கு மாவை உருட்டியது. நார் கிடையாது, புரதமும் கிடையாது. சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா: எனக்கு ஒன்று சொல். காலையில் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். இட்லியையும் விட்டுவிடவா?

தீபா அக்கா: ஐயோ, வேண்டாம்! அது இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு இட்லியை நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்த்துக் கொட்டும், மயக்கம்கூட வரும். டாக்டர் மாத்திரை அளவைப் பார்த்த பிறகுதான் எதையும் பெரிதாகக் குறைக்க வேண்டும்.

பெரியம்மா: அப்போ இன்று ராத்திரிக்கு?

தீபா அக்கா: மூன்று சப்பாத்தி, எண்ணெய் இல்லாமல். குருமாவுக்குப் பதில் பாசிப்பருப்பு போட்ட கீரைக் கூட்டு, கூடவே வெள்ளரிக்காய்.

கார்த்தி: பெரியப்பா டைப் செய்துகொண்டிருக்கிறார்... 👀

பெரியப்பா: எனக்கு எண்ணெய் உண்டு.

பெரியம்மா: உங்களுக்குத் தனியாகச் சுடுகிறேன். தீபா, சனிக்கிழமை டாக்டரிடம் போகிறேன். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பார்.