பிளக் வயர் மாத்தின பிறகு கார் மிஸ் பண்ணுது, அவசரம்

கொக்குவில்_பெடியன்:
அண்ணைமார், அவசரம். காரின்ர பிளக் வயர் நாலும் கொயில் வயரும் புதுசு போட்டனான். பழசு நல்லாத்தான் ஓடினது, ரப்பர் வெடிச்சுப் போச்செண்டுதான் மாத்தினது. இப்ப ஸ்ராட் வருது, ஆனா உதறி உதறி நிக்குது. சைலன்சருக்குள்ள டப் டப் எண்டு வெடிக்குது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வல்லிபுரக்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். என்ன செய்யிறது?

நல்லூர்_ஸ்பானர்:
என்ன கார் தம்பி? என்ன எஞ்சின்?

சுன்னாகம்_கே:
வயரை ஒண்டொண்டா மாத்தினீங்களோ, இல்லை எல்லாத்தையும் ஒண்டாக் கழட்டினீங்களோ? வேற ஏதும் கை வைச்சனீங்களோ? பொயின்ற், கண்டென்சர்?

ஆதிமெக்கானிக்:
இஞ்ச உதவி கேக்கிற ஆக்கள் முதல்ல காரின்ர பேரை எழுதப் பழகவேணும். நாங்கள் சாத்திரம் பாக்கிறேல்லை. எதெண்டாலும், புது வயர் ஒருநாளும் பழசை விட மோசமாகாது. டைமிங், அதான் ஸ்பார்க் அடிக்கிற நேரம், விலகியிருக்கு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு விடுற டிஸ்ரிபியூட்டரைச் சாடையாத் திருப்பிப் பாருங்கோ.

கொக்குவில்_பெடியன்:
மொறிஸ் மைனர் 1000. 948 சிசி எஞ்சின். வயரைத் தவிர ஒண்டிலயும் கை வைக்கேல்லை. எல்லாத்தையும் ஒண்டாத்தான் கழட்டினது.

சுன்னாகம்_கே:
அப்ப ஒழுங்கைத்தான் முதல்ல பாக்கவேணும். சிலிண்டர் வெடிக்கிற ஒழுங்கு 1-3-4-2. டிஸ்ரிபியூட்டருக்குள்ள சுத்துற றோட்டர் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தும், வயரையும் அந்தப் பக்கமாத்தான் எண்ணவேணும். ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டர்தான் 1. அதின்ர பிளக்கைக் கழட்டி ஓட்டையில விரலை வைச்சுக்கொண்டு கைப்பிடியால மெல்லச் சுத்துங்கோ. காத்து விரலைத் தள்ளிக்கொண்டு வந்து பிஸ்டன் மேல நிக்கேக்க றோட்டர் பாக்கிற இடம்தான் 1ஆம் வயருக்கு. காத்துத் தள்ளாம பிஸ்டன் மேல வந்தா அது 4 வெடிக்கிற நேரம், அதில ஏமாறாதேங்கோ. டிஸ்ரிபியூட்டரை இப்ப திருப்பவேண்டாம். அதையும் குழப்பினா எது பிழையெண்டு பிறகு தெரியாது.

அச்சுவேலி_ஏ40:
எனக்கு கொயிலில, அதான் ஸ்பார்க்குக்கு வோல்ற்றேச்சைக் கூட்டுற சுருளில, சந்தேகம். மைனர் பொசிட்டிவ் ஏர்த் கார், பற்றரியின்ர + பக்கம்தான் பொடியில கொழுவியிருக்கும். + - போட்ட புதுக் கொயிலை ஆரும் முந்திக் கொழுவியிருந்தா + பக்கம்தான் டிஸ்ரிபியூட்டருக்குப் போகவேணும். மாறிக் கொழுவினாலும் ஓடும், ஆனா ஸ்பார்க் மெலிவு.

பருத்தித்துறை_மூத்தவர்:
அந்தக் கார் தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடினதோ எண்டு விசாரியுங்கோ. அப்பிடியெண்டா வால்வு போயிருக்கும். வயரில பிழை தேடுறது வீண்வேலை.

சுன்னாகம்_கே:
ஐயா, வயர் மாத்த முன்னம் நல்லா ஓடினதெண்டு சொல்லுறாரே.

அச்சுவேலி_ஏ40:
மண்ணெண்ணெயைக் குறை சொல்லாதேங்கோ. யுத்த காலத்தில பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்குள்ள அது இல்லாட்டி இஞ்ச ஒரு காரும் அசைஞ்சிராது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுறது. அப்பா அப்பிடித்தான் ஆஸ்பத்திரிக்கு ஆக்களை ஏத்தினவர். அவற்ற அந்த ஒஸ்ரின் ஏ40 கார் இண்டைக்கும் ஓடுது.

பருத்தித்துறை_மூத்தவர்:
தம்பி, ஓடினது உண்மை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரால வடிஞ்சு எஞ்சினுக்கு அடியில ஓயில் நிக்கிற சம்புக்குள்ள இறங்கி ஓயில் தண்ணி மாதிரிப் போறதும் உண்மை. ஓயில் குச்சியில மட்டம் குறையிறதுக்குப் பதிலாக் கூடும். பேரிங் தேய்ஞ்ச எஞ்சின் எத்தினையை என்ர கையால கழட்டினனான்.

அச்சுவேலி_ஏ40:
ஓயிலை நேரத்துக்கு மாத்தினவைக்கு ஒண்டும் ஆகேல்லை.

பருத்தித்துறை_மூத்தவர்:
அந்த நேரம் ஓயிலுக்கு எங்க போறது?

நல்லூர்_ஸ்பானர்:
தம்பிக்கு ரெண்டு கேள்வி. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ள, அதான் கப்புக்குள்ள, வயர் மேலால இறங்குதோ, பக்கத்தால போகுதோ? புது வயரை வெட்டிப் பாத்தா நடுவில செப்புக் கம்பியோ, கறுப்பு நூலோ?

கொக்குவில்_பெடியன்:
பக்கத்தால. நடுவில கறுப்பு நூல் மாதிரி. ஒழுங்கு பாத்தாச்சு, 1-3-4-2 சரியா இருக்கு.

நல்லூர்_ஸ்பானர்:
அப்ப அதுதான். பக்கத்தால வயர் போற பழைய லூக்காஸ் கப்புக்குள்ள ஒவ்வொரு வயருக்கும் கூர் முனை ஸ்குரூ ஒண்டு இருக்கு. அது ரப்பரைத் துளைச்சு நடுவில இருக்கிற செப்புக் கம்பியில குத்தித்தான் கரண்ட் போகுது. நீங்கள் போட்ட கறுப்பு நூல் வயர் கரி வயர், அதுக்குள்ள ஸ்குரூ குத்தினா நூல் விலகும், இல்லாட்டி அறும். பிறகு ஸ்பார்க் இடைவெளியைப் பாய்ஞ்சு போகவேணும், சிலநேரம் போகும், சிலநேரம் போகாது. எரியாத பெற்றோல் சைலன்சருக்குள்ள போய் வெடிக்கிறதுதான் உங்கட டப் டப். மீற்றரைக் கப்பின்ர உள் முனையிலயும் வயரின்ர பிளக் முனையிலயும் வைச்சு ஓம்ஸ் பாருங்கோ, ஊசி அசையாட்டித் தொடர்பில்லை.

7 மில்லிமீற்றர் செப்புக் கம்பி வயர் வாங்குங்கோ. இஞ்ச இல்லாட்டி கொழும்பில பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடையளில கேக்கலாம். முனையைச் சீவவேண்டாம், நேரா வெட்டி, கப்புக்குள்ள முட்டும் வரை தள்ளிப்போட்டு ஸ்குரூவை இறுக்குங்கோ. கொயில் வயரின்ர ஸ்குரூ நடுவில இருக்கிற கரித்துண்டுக்குப் பின்னால ஒளிச்சிருக்கும். கரியையும் ஸ்பிரிங்கையும் மெல்ல வெளியில எடுத்தாத்தான் தெரியும். திருப்பிப் போட்ட பிறகு அது துள்ளுதோ எண்டு விரலால அமத்திப் பாருங்கோ. கையோட டிஸ்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற பொயின்ற் இடைவெளி 15 தவு (ஒரு தவு இஞ்சியில ஆயிரத்தில ஒண்டு), பிளக் 25 தவு இருக்கோ எண்டும் பாருங்கோ. கடல் பக்கம் நிக்கிற காரெண்டா ஸ்குரூவில பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், சுரண்டிவிடுங்கோ.

ஆதிமெக்கானிக்:
செப்பு வயர் போட்டா றேடியோ இரையும். அதாலதான் உலகமே கரி வயருக்கு மாறினது. மேலால வயர் இறங்கிற கப் ஒண்டை மாத்தினா விசயம் முடிஞ்சுது.

நல்லூர்_ஸ்பானர்:
அதுவும் சரியான வழிதான், கப் கிடைச்சால். றேடியோ இரைஞ்சா 5 கிலோ ஓம் பிளக் தொப்பி போடலாம், அது செப்புக் கம்பியில திருகித்தான் ஏறும்.

கொக்குவில்_பெடியன்:
செப்பு வயர் போட்டாச்சு. சீரா ஓடுது. ஸ்பானர் அண்ணை, கே அண்ணை, பெரிய நன்றி.

சுன்னாகம்_கே:
சந்தோசம் தம்பி. வயர் எங்க எடுத்தனீங்கள்? எனக்கும் ஒரு மைனருக்குத் தேவை.

பருத்தித்துறை_மூத்தவர்:
ஓயில் மட்டத்தையும் ஒருக்காப் பாருங்கோ தம்பி.

சுன்னாகம்_கே:
தம்பி, கடை எதெண்டு சொல்லுங்கோ.